கேம் சர்வரை முடக்கிவிட்டுப் பணம் கேட்கிறார்கள், திருப்பி அடிக்கலாமா?

கேள்வி: பினாங்கு, பிறையில் இருக்கிறேன். மைன்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆட, சொந்தமாக ஒரு சர்வர் நடத்துகிறேன். இரண்டு வாரமாக இரவானால் பிராக்சி (உண்மையான முகவரியை மறைக்கும் இடைக்கணினி) வழியாக நூற்றுக்கணக்கான பாட்கள், அதாவது ஆள் இல்லாமல் தானாக இயங்கும் போலிக் கணக்குகள், ஒரே நேரத்தில் நுழைகின்றன. விளையாட வந்தவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். 800 ரிங்கிட் கொடுத்தால் நிறுத்துவதாக டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் செய்தி வந்தது. திருப்பித் தாக்கலாம், அவர்களின் ஐபி முகவரிகளை (இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் எண்) அம்பலப்படுத்தலாம் என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, இரண்டுமே வேண்டாம். பிராக்சி வழியாக வரும்போது நீங்கள் பார்க்கும் ஐபி, தாக்குபவனுடையதாக இருப்பது அரிது. யாரோ ஒருவரின் வீட்டு மோடமோ கடையின் சிசிடிவியோ அவருக்கே தெரியாமல் ஏவப்பட்டிருக்கும். அதைத் தாக்கினால் குற்றவாளி நீங்கள்தான்.

உள்ளே புகுந்து எதையாவது திருடினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 2(7) பிரிவு, கணினியின் இயல்பான இயக்கத்தைக் கெடுக்கும் நிகழ்வையும் ‘மாற்றம்’ என்றே கணக்கில் எடுக்கிறது. அனுமதியின்றி அப்படிச் செய்தால் 5ஆம் பிரிவின்படி 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கெடுதல் செய்யும் நோக்கம் இருந்தால் 1,50,000 ரிங்கிட், 10 ஆண்டு. சர்வர் மலேசியாவில் இருந்தால், ஆள் வெளிநாட்டில் இருந்தாலும் 9ஆம் பிரிவு அவரைத் தொடும். பணம் கேட்டு மிரட்டியது தண்டனைச் சட்டப்படி தனிக் குற்றம். ஒரு காசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

இத்தகைய வழக்கு பெரும்பாலும் சாட்சியத்தில்தான் தடுக்கி விழும். யார் எப்போது நுழைந்தார்கள் என்று பதியும் சர்வர் லாக் சில நாளில் தானாகவே அழிந்துவிடலாம். சர்வருக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அவர்கள் பக்கத்துப் பதிவுகளையும் பாதுகாத்து வைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். டிஸ்கார்ட் செய்தியைப் படம் எடுக்கும்போது பெயர் மட்டும் போதாது, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கணக்கின் ஐடி எண்ணையும் குறித்து வையுங்கள். கணினியில் இருந்து எடுத்த ஆவணத்தை 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்கீழ் நீதிமன்றம் ஏற்கும். அதற்கு, அந்தக் கணினியை நிர்வகிப்பவர் கையெழுத்திட்ட சான்றிதழைத் தாக்கல் செய்யலாம்.

வி.பி.என் (இதுவும் முகவரியை மறைக்கும் வழிதான்), பிராக்சி வழி வருவோரைத் தடுப்பது உங்கள் உரிமை. சர்வர் விதிகளில் அதை எழுதிவிடுங்கள். ஒரே ஐபியிலிருந்து வரும் இணைப்புகளுக்கும் வரம்பு வையுங்கள்.

பிடிபடுபவர் 18 வயதுக்குட்பட்டவராக இருந்தால் வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகும். அந்தப் பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்று தயங்கிப் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். லாக் கோப்புகளை இன்றிரவே வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். நாளைக் காலை போலீசில் புகார் செய்து, அதன் நகலோடு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களுக்கான உதவி மையமான சைபர்999க்கும் தெரிவியுங்கள்.