ஆறு மாத நண்பர்களைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்விகள் நான்கையும் படித்தேன். அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கு முதுகலை படிக்க வருகிறீர்கள். வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய பணம், பகுதிநேர வேலை, ஜெர்மன் மொழி என்று மூன்றைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: “விடுதியில் நிறையப் பேர் ஒரு செமஸ்டருக்கு மட்டும் வரும் பரிமாற்ற மாணவர்களாம். பழகிய கையோடு கிளம்பிவிடுவார்களே, அவர்களோடு நேரம் செலவழித்து என்ன பயன்?”

முதல் மூன்றுக்கும் தூதரகத்தின் இணையப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. கணக்கில் காட்ட வேண்டியது 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. வேலை, ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை. மொழியை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுங்கள். இவற்றுக்கு இது போதும்.

நான்காவது கேள்வியைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. 2008இல் நான் வந்திறங்கிய முதல் வாரத்தில் இங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எனக்குச் சொன்ன புத்திமதி இது. “எராஸ்மஸ் பசங்களோடு சேராதே, அவர்கள் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், நீ கடன் வாங்கி வந்தவன்” என்றார். கடன் வாங்கியது உண்மை. அப்போது இந்த மாநிலத்தில் செமஸ்டருக்கு 500 யூரோ கட்டணம் இருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் எராஸ்மஸ் திட்டத்தில் வருகிறவர்கள் வந்த இடத்தில் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அந்தக் கணக்கே மனதில் ஒரு வேலியைப் போட்டுவிடும். அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவர் சொன்னது தவறு.

நான் வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று இங்கே கடை திறக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த அரிசி, பருப்பு, கடுகு, மிளகாய் வற்றல் இருந்தன. பன்னிரண்டு அறைகளுக்குப் பொதுவான சமையலறையில் எண்ணெயைக் காயவைத்து மிளகாயைப் போட்டேன். அரை நிமிடத்தில் நெடி ஏறி, மேற்கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது. மூலையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் இருமிக்கொண்டே பதற்றத்தில் தன் மொழியில் கத்தினான்: “ஜனேலா! ஜனேலா!” நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன்.

மணி ஓய்ந்தது. கண்ணில் நீர் வழிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். “உனக்குப் போர்ச்சுகீசு தெரியுமா?” என்று கேட்டான். “நீ தமிழில்தானே சொன்னாய்?” என்றேன்.

அவன் போர்ச்சுகல் நாட்டின் கோயிம்பிராவிலிருந்து ஒரு செமஸ்டருக்கு வந்தவன். நான் தூத்துக்குடிக்காரன். 1530களில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுப்போன பெயர்களான பெர்னாண்டோ, மச்சாடோ எல்லாம் எங்கள் தெருவின் கதவுகளில் இருக்கின்றன என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. அன்று இரவே ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டோம். மேசை அவனுக்கு மேசா. சாவி, ஷாவ். அலமாரி, அர்மாரியு. பேனா, பேனா. அடுத்த வாரம் கறிவேப்பிலை வாங்க ஈழத்து அக்கா ஒருவரின் கடைக்கு அவனை அழைத்துப்போனேன். “சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்” என்றார் அக்கா. அவன் தன் காலைப் பார்த்தான். காலணிக்கு அவன் மொழியில் சபாட்டு. அன்றிலிருந்து சமையலறைப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மொழியிலும் எழுதிச் சீட்டு ஒட்டினோம்.

தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதைச் செய்த அண்டிரிக் அடிகளார் கோயிம்பிராவில் இயேசு சபையில் சேர்ந்து, அங்கிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்தவர். இது எனக்குப் பள்ளியில் படித்து மறந்துபோன ஒரு வரி. தன் ஊரிலிருந்து ஒருவர் போய் என் மொழியைக் கற்று அச்சில் ஏற்றினார் என்று கேட்டு அவன் கண்கள் விரிந்தபோதுதான் அந்த வரி எனக்கு என்னுடையதாயிற்று.

பரிமாற்ற மாணவனுக்கு நேரம் குறைவு. அது அவனுக்கும் தெரியும். அதனால் அவன் கதவு திறந்தே இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பள்ளித் தோழர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களோடு பழக ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும், பழகிய பிறகு விடமாட்டார்கள். ஆனால் முதல் குளிர்காலத்தில் உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. நவம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் உங்களைப் போலவே தனியாக, உங்களைப் போலவே தப்பும் தவறுமாக ஜெர்மன் பேசிக்கொண்டு இருப்பவன் அவன்தான். என் ஜெர்மன் அவனோடு பேசித்தான் வளர்ந்தது. தப்பாகப் பேசினால் வெட்கப்பட வேண்டியதில்லாத ஆள் வேறு யாரும் எனக்கு இல்லை.

நம்மவர்களில் ஒரு சாராரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து ஒரே வீட்டில் தங்கி, முறை வைத்துச் சமைத்து, ஐந்து ஆண்டு ஓடியபின்பும் மருத்துவரிடம் போக மொழிபெயர்க்க ஆள் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். “ஜெர்மானியர் பழகமாட்டார்கள்” என்று அவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். சேர்ந்து சாப்பிடுவது தவறில்லை. நானும் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போகிறவன்தான். ஆனால் சாம்பார்ச் சட்டிக்கு வெளியே ஒரு முகமும் தெரியாமல் பட்டம் வாங்கிப் போவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? இன்று நான் வேலை செய்யும் இடத்தில் கூட்டம் முழுவதையும் ஜெர்மனில் நடத்துகிறேன். அது அந்தச் சமையலறையில் தொடங்கியது.

டிசம்பர் 24ஆம் தேதிக்கு உங்களை இப்போதே தயார்ப்படுத்துகிறேன். அன்று மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் அடைத்துவிடும். 25, 26 முழு விடுமுறை. விடுதி காலியாகிவிடும். தாழ்வாரத்தில் உங்கள் காலடி உங்களுக்கே கேட்கும். அந்த ஆண்டு விமானச்சீட்டு விலை கட்டுப்படியாகாமல் அவனும் ஊருக்குப் போகவில்லை. அவன் அம்மா உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீன் ஒன்றைப் பொட்டலமாக அனுப்பியிருந்தார். பக்கல்யாவ் என்பார்கள், பலகைபோல் விறைப்பாக, மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து. 22ஆம் தேதி இரவு தண்ணீரில் போட்டான். ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீரை மாற்ற வேண்டும். அவன் தூங்கும் நேரத்தில் நான் எழுந்து மாற்றினேன். அந்த வாடை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், எங்கள் வீட்டில் கருவாடு இல்லாத வாரம் கிடையாது. அவன் தாத்தாவின் ஊர் அவெய்ரோ, அங்கேயும் உப்பளங்கள்தானாம். பாத்தி கட்டுவது, வாருவது, வெயிலில் காலில் வெடிப்பு விழுவது எல்லாம் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். 24 இரவு அவன் அந்த மீனை உருளைக்கிழங்கோடும் கோஸ் இலையோடும் அவித்து எண்ணெய் ஊற்றி வைத்தான். நான் பக்கத்தில் ஒரு கிண்ணம் புளிக்குழம்பு வைத்தேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

ஜனவரியில் கடும் குளிர். கையுறை வாங்காமல் இழுத்தடித்த நாட்களில் நகரத்தின் நடுவே எலீசன்புருன்னனில் கொட்டும் கந்தக ஊற்றில் கையை நனைத்துச் சூடேற்றிக்கொள்வோம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பிறகு ஒரு கடையில் பால்சோறு நிரப்பிச் சுட்ட ரைஸ்ஃப்ளாடன் ஒரு துண்டு வாங்கிப் பாதியாக்குவோம். உங்களுக்கும் பிடிக்கும்.

இனி எச்சரிக்கைகள். நட்பு வேறு, கையெழுத்து வேறு. ஆறு மாதத்துக்கு வருகிறவர்களுக்குத் தொலைபேசி, இணைய ஒப்பந்தம் எளிதில் கிடைக்காது. 24 மாதம் என்பார்கள். “உன் பெயரில் எடுத்துக்கொடு, மாதாமாதம் தருகிறேன்” என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் நான் ஒருவனுக்கு எடுத்துக்கொடுத்து, அவன் போன பிறகு 19 மாதம் கட்டினேன். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை, ஊருக்குப் போனதும் மறந்துபோனான். அடுத்தது அறை. கிளம்புகிறவன் “என் அறையில் அப்படியே நீ இருந்துகொள்” என்று சாவியைத் தருவான். வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். போகும் நாளிலேயே சுவர், தரை, ஜன்னல் என்று எல்லாவற்றின் நிலையையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும், படமும் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாததால், எனக்கு முன் இருந்தவர் காலத்துப் பூஞ்சைக்கறைக்காக என் முன்பணத்தில் 600 யூரோவைப் பிடித்துக்கொண்டார் ஓர் உரிமையாளர். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. போகிறவர் பெயரில் இருந்தால் அவர் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். நகராட்சியில் பதிவை நீக்கவும் அவருக்கு நினைவூட்டுங்கள். இதெல்லாம் பேசினால் நட்பு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். என் கோயிம்பிரா நண்பனோடு உட்கார்ந்து எல்லாத் தாளையும் நான்தான் நிரப்பினேன்.

பிப்ரவரி கடைசியில் அவன் கிளம்பினான். முந்தைய இரவு பெட்டியின் அடியிலிருந்து கறுப்பு அங்கி ஒன்றை எடுத்தான். கோயிம்பிரா மாணவர்கள் தோளில் போர்த்தும் கம்பளித் துணி அது. அதன் விளிம்பில் ஏற்கெனவே இரண்டு மூன்று கிழிசல்கள் இருந்தன. வீட்டார் கிழிப்பதற்கு ஓர் இடம், நண்பர்களுக்கு ஓர் இடம், காதலிக்கு ஓர் இடமாம். நண்பர்கள் பக்கத்தை என்னிடம் நீட்டி, “கிழி” என்றான். எனக்குக் கை வரவில்லை. பயணம் போகிறவன் துணியைக் கிழிப்பதா? எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்பும் நாளில் தைக்கக்கூட ஊசி எடுக்கமாட்டார்கள். அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் துணியை விலக்கவில்லை. விளிம்பு மடித்துத் தைத்தது, விரலுக்கு மசியவில்லை. காய்கறிக் கத்தியால் சிறிது கீறிவிட்டு இழுத்தேன். அகல மேசையின் குறுக்கே சர்ரென்று ஒரு சத்தம். நான்கு விரல் நீளம் கிழிந்தது. அவன் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப்பார்த்து, மடித்து உள்ளே வைத்தான். காலையில் ரயில் நிலையம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நடைமேடையில் அதிகம் பேசவில்லை. திரும்பி வந்தபோது சமையலறை ஜன்னலில் எங்கள் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

அடுத்த செமஸ்டரில் பூசானிலிருந்து வந்த கொரிய மாணவன் எனக்குப் பக்கத்து அறை. சைக்கிள் சக்கரத்துக்கு ஒட்டுப்போட அவன்தான் கற்றுக்கொடுத்தான். ஜூலை இறுதியில் அவன் கிளம்பும் நாள் வந்தது. இன்னொரு முறை நடைமேடையில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. கிடங்கில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். இரவு வந்து பார்த்தால் கதவின் அடியில் ஓர் உறை. உள்ளே அவன் சைக்கிளின் சாவியும் ஜெர்மனில் மூன்று வரிகளும் இருந்தன: சைக்கிள் கீழே இருக்கிறது, பின்சக்கரத்தை மாற்று, உன்னைப் பார்க்க ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பதில் எழுத வெட்கப்பட்டு மாதங்களைக் கடத்தினேன். எழுதியபோது அந்த மின்னஞ்சல் முகவரி செயலில் இல்லை. அந்தச் சைக்கிளை ஆறு ஆண்டு ஓட்டினேன், தம்பி. கோயிம்பிரா நண்பன் போனது எனக்கு வலிக்காமல் இல்லை, ஆனால் அந்த நினைவை எடுத்துப் பார்க்க முடிகிறது. இதை அப்படிப் பார்க்க முடியவில்லை. எனவே அவர்கள் கிளம்பும் நாளில் எந்த வேலை இருந்தாலும் போய் நில்லுங்கள்.

கோயிம்பிரா நண்பன் இன்றும் எழுதுகிறான். அங்கியின் கிழிசலை அவன் மகள் விரலை விட்டு ஆட்டுகிறாளாம். என் வீட்டிலும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மீன் உண்டு. என் மனைவியின் புளிக்குழம்பு நான் வைப்பதைவிட நன்றாக இருக்கும். இந்த ஆண்டு 24 மாலை நீங்கள் வாருங்கள். உங்கள் தளத்தில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர் யாராவது இருந்தால் அவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். எத்தனை பேர் என்று மட்டும் 22ஆம் தேதி காலைக்குள் எழுதிவிடுங்கள், மீன் இரண்டு நாள் ஊற வேண்டும்.