தொட்டி மணலில் செம்பழுப்புப் படலம்: மாத்திரை போடலாமா?

கேள்வி: மாடியில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனும் அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிரும் வளர்க்கிறேன். நாலு மாதமாகிறது. மணலில் செம்பழுப்புப் படலம் படிந்து குமிழி விடுகிறது. எடுத்தாலும் மறுநாளே வந்துவிடுகிறது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடச் சொல்கிறார் ஒருவர், மயில்துத்தம் என்கிறார் இன்னொருவர். எது சரி? – வாசகர், தொண்டி

பதில்: இரண்டும் வேண்டாம். மயில்துத்தத்தில் உள்ள செம்பு பாசியோடு அனிமோனையும் நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும். எரித்ரோமைசினோ, பில்டரில் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டு ஆட்கள் மேல் சந்தேகம். டியூபால் உறிஞ்சும்போது தகடு தகடாக உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. நிறம் சிவப்பானாலும் நீலப்பச்சைப் பாசி வகைதான். மூக்குச்சளி மாதிரி இழுபட்டு, நுனியில் குமிழி கட்டி நின்றால் டைனோபிளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒருசெல் நுண்ணுயிர். இது காலையில் விளக்குப் போடும்முன் பெரும்பாலும் காணாமல் போய், மதியத்துக்குள் மறுபடி மணலை மூடும். நத்தைகள் காரணமில்லாமல் சாகின்றனவா என்றும் பாருங்கள், அதுவும் டைனோவின் அடையாளம்.

சந்தேகம் தீர, கொஞ்சம் படலத்தைத் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி பில்டர் தாளில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோதான்.

இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம், வைத்தியம் நேரெதிர். சயனோ என்றால் தீனியைக் குறையுங்கள், மீன்தீனியான உறைந்த ஆர்ட்டீமியாவை (குட்டி இறால் வகை) அலசிப் போடுங்கள், படலம் படியும் மூலைக்குப் பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் பம்ப்) திருப்புங்கள், வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். டைனோவுக்கு இதையே செய்தால் இன்னும் பெருகும். சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டிதான் அதற்குப் பிடித்த இடம். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்து போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவுக்கு ஏற விடுங்கள். இரவில் நீந்திக் கிளம்பும் வகைக்கு தண்ணீரைச் சுத்திகரிக்கும் யுவி (புறஊதா) விளக்கு நன்றாகக் கேட்கும்.

எதுவானாலும் விளக்கு எட்டு மணி நேரம் போதும். ஆவியான தண்ணீருக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள், போர் தண்ணீரிலுள்ள சிலிக்கேட் அடுத்து டயாட்டம் என்ற பழுப்புத் தூளைக் கூட்டி வரும்.