பம்பர் வாங்கும் முன் சேசிஸைத் தட்டிப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா விட்டுச்சென்ற பழைய ஹைலக்ஸ் ஃபோர்வீல், செம்பனைக் குலையும் உரமும் ஏற்றி ஓடுகிற வண்டி. பின் பம்பர் துருப்பிடித்து இடப்பக்கம் தொங்குகிறது. ஒரு பட்டறையில் தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார்களாம், இன்னொரு பட்டறையில் தடித்த இரும்பு பம்பராகவே மாற்றச் சொல்கிறார்களாம். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் இப்போது சரி சொல்லிவிடாதீர்கள், தம்பி. பழைய பம்பரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் முனையைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். பம்பர் தொங்கினால் பம்பர்தான் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டோ சேசிஸோ அரித்துப்போயிருந்தால், புதியதும் அடுத்த அடைமழைக்குள் தொங்க ஆரம்பிக்கும்.

தோட்டத்து வண்டியின் துரு டவுன் வண்டியின் துருவைப் போன்றதல்ல. நாம் ஏற்றுகிற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் தூள் பின்கதவு இடுக்கு வழியாகப் பம்பரின் உட்பக்கம் இறங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கரையும். அதன்மேல் செம்மண் சேறு அப்பித் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே இரும்பு போய்க்கொண்டிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால்தான் பம்பரின் ஓரங்கள் உப்பிப் பிளக்கின்றன. அந்த நிலைக்கு வந்த பம்பரில் தகடு ஒட்டுவது வீண். மெலிந்த இரும்பில் வெல்டிங் ஓட்டை போடும். பிடித்தாலும், சூட்டில் உட்பக்கப் பெயிண்ட் கருகி, புதுத் துரு அங்கேயே தொடங்கும்.

கழற்றுவதற்கு முதல் நாள் மாலையே போல்ட்டுகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் கீழே தொங்கும் ஸ்பேர் டயரை இறக்கினால் கை நுழைய இடம் கிடைக்கும். நம்பர் பிளேட் விளக்கின் வயரை முதலிலேயே பிரித்துவிடுங்கள். பலர் இதை மறந்து வயரைப் பிய்த்துவிடுகிறார்கள். போல்ட்டைத் திறக்கும் பக்கமே திருகாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு அசைத்துக்கொடுங்கள். அசையவே இல்லையென்றால் கிரைண்டரால் தலையை அறுத்துவிடலாம். நெருப்பு வைத்துச் சூடாக்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எண்ணெய்த் தொட்டி, பிரேக் குழாய், வயர் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. கடைசி போல்ட்டைக் கழற்றும்போது இன்னொருவர் பம்பரைத் தாங்கிக்கொள்ளட்டும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. சேசிஸ் முனையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். 'தொப்' என்று சத்தம் வந்தால் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பம்பர் பேச்சை நிறுத்திவிட்டு, சேசிஸ் வேலை தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

சேசிஸ் திடமாக இருந்தால் பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் உங்கள் மாடலுக்கே உரிய பம்பரைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன் அதன் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தடித்த இரும்பு பம்பரை உங்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அத்தனை பாரமும் பின்முனையில் தொங்கும், ஏற்றுகிற குலையும் அதோடு சேரும். வண்டியின் அமைப்பை மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த பம்பர் போட்டாலும் அதில் சங்கிலி மாட்டிச் சேற்றிலிருந்து வண்டியை இழுக்காதீர்கள். மழைக்காலத்தில் தோட்டச் சடக்கில் தினமும் நடப்பது இதுதான். இழுவிசையில் பிய்ந்து பறக்கும் இரும்பு ஆளைக் கொல்லும். இழுப்பதற்கான கொக்கி சேசிஸில்தான் இருக்க வேண்டும்.

புதிய போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், பழையதில் 10.9 இருந்தால் அதே தரம்தான் வேண்டும். மாட்டும் முன் பம்பரின் உட்பக்கத்துக்குத் துத்தநாகப் பிரைமர், அது காய்ந்தபின் மெழுகு ஸ்பிரே. வெளிப்பக்கம் எந்த நிறமானாலும் பரவாயில்லை.

உரம் ஏற்றிய நாளிலேயே, இருட்டிவிட்டாலும் சரி, பின்கதவைத் திறந்து பம்பருக்குள் குழாயைப் பிடியுங்கள். கீழ்த் துளைகளில் செந்நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள்.