சிப்பி முட்டையிடவில்லையே, நோயா?

வணக்கம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கூடையில் வளர்க்கும் சிப்பிகள் கோடை முழுக்க முட்டையிடவில்லை, நோயோ என்று கேட்டிருந்தீர்கள். குஞ்சு வாங்கிய ரசீதில் 'ட்ரிப்ளாய்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலை வேண்டாம். சாதாரணச் சிப்பிக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதற்கு மூன்று. அதனால் பெரும்பாலும் இனப்பெருக்கம் நடக்காது; அந்தச் சத்து சதையில் சேரும். கோடையில் ஒன்றைத் திறந்து பாருங்கள்: முட்டையிட்ட சிப்பி நீர்த்துக் கண்ணாடிபோல் கிடக்கும், இது வெண்ணெய் நிறத்தில் ஓடு நிறைய இருக்கும்.

வேறு உயிரின் மரபணு எதுவும் இதில் புகுத்தப்படவில்லை. 1990களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டாண்டிஷ் ஆலனும் ஷிமிங் குவோவும் நான்கு தொகுதிச் சிப்பியை உருவாக்கினார்கள். அதைச் சாதாரணச் சிப்பியோடு சேர்த்தால் பிறப்பவை மூன்று தொகுதிதான். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது.

சரி, விரிகுடாவில் சிப்பி பெருக வேண்டும் என்பது உங்கள் ஆசையென்றால், அடுத்த முறை டிப்ளாய்டு, அதாவது சாதாரண இரண்டு தொகுதிக் குஞ்சு கேட்டு வாங்குங்கள்.