விளக்குப் பொறியில் ஏடிஸ் கொசு சிக்கவில்லை என்றால் ஏடிஸ் இல்லை என்று அர்த்தமா?

துறைமுகக் கன்டெய்னர் யார்டில் 2 மாதமாக விளக்குப் பொறி வைத்தும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு மட்டுமே விழுகிறது, ‘ஏடிஸ் இல்லை’ என்று அறிக்கை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. இரவு விளக்குக்கு அது பெரிதாக மயங்காது.

ஏடிஸ் வந்து முட்டையிடும் முட்டைப் பொறி வையுங்கள். கறுப்பு டப்பா, பாதி தண்ணீர், உள்ளே சொரசொரப்பான மரத்துண்டு, அவ்வளவுதான். நிழலில், தரையோடு, செடி ஓரமாக இருக்கட்டும். வாரம் தவறாமல் எடுத்துவிடுங்கள். மறந்தால் நீங்களே கொசு வளர்த்தவர் ஆவீர்கள்! முட்டையைப் பார்த்து இனம் சொல்ல முயலாதீர்கள். ஈஜிப்டி, ஆல்போபிக்டஸ் என்ற இரண்டு ஏடிஸ் இனங்களின் முட்டையும் கறுப்பு அரிசி மாதிரிதான் இருக்கும். புழுவாகவோ கொசுவாகவோ வளர்த்துப் பாருங்கள், இல்லையேல் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை. வளர்ந்த கொசுவைப் பிடிக்க, வாசனையால் ஈர்த்து விசிறியால் உள்ளிழுக்கும் பிஜி சென்டினல் பொறி நல்லது.

முதலில் பழைய டயர் குவியலுக்குப் போங்கள். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆல்போபிக்டஸ் காலூன்றியதற்கு இறக்குமதியான பழைய டயர்கள்தான் காரணம் என்பார்கள். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மழை பட்டால் பொரிந்துவிடும்.

மேலதிகாரி மறுத்தால், சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2005-ஐக் காட்டுங்கள்: பயணிகள், சரக்கு கையாளும் இடங்களிலிருந்து குறைந்தது 400 மீட்டர் வரை நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்த அது சொல்கிறது.