கண்ணாடியில் ஒட்டிப்போன தாத்தாவின் படம்

வணக்கம் தம்பி. தாத்தா வரைந்த லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நீர்வண்ணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பழுப்புப் புள்ளிகளும் விழுந்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். வண்ணம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தண்ணீரும் தெளிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புள்ளிகளுக்கு பிளீச் பக்கமே போகாதீர்கள்.

நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட்தான். நம் ஊர் ஈரக்காற்றுதான் பாதி வில்லன். மறுபடி ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் சன்னல்போல் வெட்டிய தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிதான் படத்துக்கு உயிர். படத்தை ஒட்ட செலோடேப் கூடவே கூடாது: என் அப்பாவின் ஓவியத்தில் நான்கு மூலையிலும் தேன் நிறக் கறை, இன்னும் போகவில்லை. படத்தைப் பின் அட்டையில் பிடித்து வைக்க மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய, உறுதியான ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். அப்புறம், குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டிவிடாதீர்கள்.