பிள்ளையோடு மலை ஏறலாமா?

கேள்வி: எட்டு மாதப் பிள்ளையோடு காரில் நுவரெலியா போக இருக்கிறோம். இவருக்கு மலைப்பாதையில் ஓடிப் பழக்கமில்லை. ஒரே நாளில் போய்ச் சேரலாமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கே 320 கிலோமீற்றர் அளவில் வரும். இரவு அங்கே தங்கி, காலையில் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுங்கள். பின்னேரமானால் மழையும் பனிமூட்டமும் வந்துவிடலாம். போன் காட்டும் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளை நம்பி இறங்காதீர்கள்.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,870. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும்; விழுங்கினால் திறக்கும். அதனால் சூப்பி கையில் இருக்கட்டும். பால் கொடுக்கக் காரை நிறுத்துங்கள். வளைவுகள் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன்பே கொடுத்து முடித்தால் சத்தி குறையும். சளி, காதுவலி இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

மடியில் வைத்துக்கொண்டு போவது கூடவே கூடாது (அம்மம்மா என்ன சொன்னாலும்!). குழந்தை இருக்கையைப் பின்சீட்டில், பிள்ளை பின்பக்கம் பார்த்திருக்கும்படி பூட்டுங்கள். தடித்த ஜக்கற்றுக்கு மேலால் பட்டியைப் போட்டால் அது உடம்போடு இறுகாது; பட்டியை இறுக்கிவிட்டு மேலே போர்வையைப் போடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரில் இறங்குங்கள்; ஓட்டோ என்றால் 'எல்' (L), ஹைபிரிட் என்றால் 'பி' (B; பார்க்கிங் P அல்ல). கருகல் மணம் வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.